இரவல் குரல்

வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்கிறோம். இரண்டும் நம்மவர் வாயில் அன்றாடம் வழங்கும் வார்த்தைகள். முதலாவது, செய்ததை மறைக்கச் சொல்கிறது. இரண்டாவது, செய்தவரைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. ஒருவர் தன் உழைப்பை இன்னொருவரின் பெயருக்கும் முகத்துக்கும் பின்னால் வைத்துவிட்டுப் போனால், அது அவருடைய பெருந்தன்மையா? அல்லது அவருக்கு இழைக்கப்பட்ட அநியாயமா?

இதனை வெறும் கருத்தாக வைத்து விவாதித்தால் காற்றோடு சிலம்பம் விளையாடியதாகவே முடியும். எனவே ஒரு மனிதரின் வாழ்வை முன்வைத்து யோசிக்க விரும்புகிறேன். அவர் ஸினோவி கெர்ட் (1916–1996) என்ற ரஷ்ய நடிகர். பெரும்பாலும் துணைப் பாத்திரங்களில் வந்தவர். அதைவிட அதிகமாக, திரைக்குப் பின்னால் நின்று குரல் கொடுத்தவர். ரஷ்யாவில் அவர் பெயரைத் தெரியாத வீடு இல்லை எனலாம். ரஷ்யாவுக்கு வெளியே அவரது குரலைக் கேட்டவர்களோ, பெரும்பாலும் அது அவருடையது என்று அறியாமலே கேட்டவர்கள்.

நானும் அப்படித்தான் கேட்டேன். சோவியத் நெறியாளர் கிரிகோரி கொஸின்ட்ஸெவ், ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்தைக் கறுப்பு வெள்ளைத் திரைப்படமாக எடுத்தார். 1971இல் அது திரைக்கு வந்தது. வசனத்துக்கு ஆதாரம் பொரிஸ் பஸ்தர்நாக்கின் ரஷ்ய மொழிபெயர்ப்பு. இசை ஷொஸ்தகோவிச். லியராக நடித்தவர் யூரி யார்வெட். மெலிந்து சிறுத்த உடல், நரைத்த தலை, முகத்தையே விழுங்கிவிடுமாற்போல் பெரிய கண்கள். எனக்கு ரஷ்ய மொழி தெரியாது. ஆனாலும் படத்தின் அடியில் ஓடிய ஆங்கில வரிகளை வாசிப்பதை இடையிலே விட்டுவிட்டு அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன். சற்றே கரகரத்த, களைத்த, அதேவேளை ஒரு சொல்லையும் நழுவவிடாத குரல். அந்தக் கண்களுக்கு வேறெந்தக் குரலும் பொருந்தாது என்று தோன்றியது. பின்னர்தான் அறிந்தேன், அந்தக் குரல் அந்தக் கண்களுக்குரியவருடையதல்ல என்று. யார்வெட் எஸ்தோனிய நாட்டவர். அவர் பேசிய ரஷ்ய மொழியில் எஸ்தோனிய உச்சரிப்பு தூக்கலாக இருந்தது. ஆகவே லியரின் பேச்சு முழுவதையும் கெர்ட் பேசினார்.

அப்படியானால் லியராக நடித்தவர் யார்?

இந்தக் கேள்விக்குள் போவதற்கு முன்னர், குரல் கொடுத்தவரின் கதையைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும்.

அவர் 1916 செப்டெம்பர் 21ஆம் திகதி, ரஷ்யாவின் மேற்கெல்லையில் உள்ள செபெஜ் என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்தபோது வைத்த பெயர் ஸல்மன். குடும்பப் பெயர் கிராப்பினோவிச். கெர்ட் என்பது மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர். மொஸ்கோவில் தொழிற்பயிற்சி பெற்று, அந்நகரின் சுரங்க ரயில் பாதை அமைக்கப்பட்ட காலத்தில் அங்கே மின்தொழிலாளியாக வேலை செய்தார். தொழிலாளர் இளைஞர் நாடகக் குழுவில் ஈடுபட்டார். பின்னர் அர்புஸோவும் பிளுச்செக்கும் நடத்திய நாடகப் பட்டறையில் சேர்ந்தார். 1941இல் அக்குழுவின் நாடகம் மேடையேறிச் சில மாதங்களுக்குள் யுத்தம் வந்தது. கெர்ட் தானாக முன்வந்து படையில் சேர்ந்தார். கண்ணிவெடி அகற்றுவது, படை நகர வழி திறப்பது முதலிய வேலைகளைச் செய்யும் பொறியியற் பிரிவில் இருந்தார். 1943 பெப்ரவரியில் கார்கிவ் நகருக்கு அண்மையில் காலில் படுகாயமடைந்தார். பதினொரு அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. கால் தப்பியது, ஆனால் மற்றதைவிட 8 சென்ரிமீற்றர் குட்டையாகிப் போனது.

மேடையில் நடந்து வரவேண்டிய ஓர் இளம் நடிகனுக்கு இது என்னவென்று விளக்கத் தேவையில்லை. 1945இல் அவர் செர்கேய் ஒப்ரஸ்ஸோவ் நடத்திய மத்திய பொம்மலாட்ட அரங்கில் சேர்ந்தார். அங்கே பார்வையாளருக்கும் கலைஞருக்கும் இடையில் ஒரு மறைப்பு இருக்கும். மறைப்புக்கு மேலே பொம்மை, கீழே மனிதர். நொண்டும் கால் யாருக்கும் தெரியாது. முகமும் தெரியாது. அந்த மறைப்பின் பின்னால் 1982 வரை முப்பத்தேழு ஆண்டுகள் இருந்தார்.

அந்த அரங்கின் புகழ்பெற்ற நிகழ்ச்சி, பின்னாளில் 'அசாதாரணக் கச்சேரி' எனப் பெயர்பெற்றது. 1946இல் ஆரம்பித்து, தசாப்தங்கள் தாண்டியும் மேடையேறியது. பாடகர், இசைக்குழு, விலங்கு வித்தைக்காரர் என்று மேடைக் கச்சேரியில் வரும் ஆட்களையெல்லாம் பொம்மைகளாக்கிக் கேலி செய்யும் நிகழ்ச்சி அது. இவர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்த ஓர் அறிவிப்பாளர் பொம்மை வரும். பெயர் எதுவார்ட் அப்லொம்போவ். தன்னைவிட்டால் உலகில் ஆளில்லை என்ற நினைப்பு. தன் பகிடிக்குத் தானே மயங்குவார். சபையினரைத் தூக்கி வைத்துப் பேசுவதுபோல் தன்னையே தூக்கி வைத்துப் பேசுவார். நமது ஊர்க் கூட்டங்களில் ஒலிவாங்கியைப் பிடித்தால் விடாத ஆட்களைக் கண்டவர்களுக்கு அப்லொம்போவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

அந்தத் தற்பெருமைக்காரப் பொம்மைக்குக் குரல் கொடுத்தவர், முகம் காட்டாத கெர்ட். அரங்கக் குழு வெளிநாடு போகும்போது, போகிற நாட்டு மொழியிலேயே அறிவிப்பாளர் பேச வேண்டும் என்பதால் அந்தந்த மொழியில் பாடமாக்கிப் பேசுவார். 1960இல் குழு அரபு நாடுகளுக்குப் போனபோது உடன் சென்ற மொழிபெயர்ப்பாளர், அரபு மொழி கற்ற தத்தியானா பிராவ்தினா. பின்னர் அவரே கெர்ட்டின் வாழ்க்கைத் துணையானார். ஒருவர் சொல்வதை இன்னொருவருக்குச் சேர்ப்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட இருவர் அப்படி ஒரு வீட்டில் சேர்ந்தார்கள்.

கெர்ட் புகழை வெறுத்த துறவியல்லர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அல்லாவிட்டால் அவரை ஒரு மகானாக்கி, கேள்வியைச் சுலபமாகத் தீர்த்துக்கொள்வோம். 1967இல் வந்த 'மாயவித்தைக்காரன்' என்ற படத்தில் அவர்தான் பிரதான பாத்திரம். 1968இல் 'தங்கக் கன்று' படத்தில் பனிக்கோவ்ஸ்கி என்ற கிழட்டு எத்தனாக வந்தார். இல்ஃப், பெத்ரோவ் இருவரும் எழுதிய நகைச்சுவை நாவலின் படம் அது. நாவலில் பனிக்கோவ்ஸ்கி ஒரு கோமாளி. புரட்சி வீரர் ஒருவரின் மகன் என்று பொய் சொல்லிப் பிச்சை வாங்குகிறவன். வாத்துத் திருடப்போய் அகப்படுகிறவன். கெர்ட் அவனைப் பார்த்துச் சிரிக்க வைத்தார். ஆனால் அவன் வழியில் செத்துப்போகும்போது, இவனுக்கும் அன்பு காட்ட ஓர் ஆள் இருந்திருக்கலாமே என்று நினைக்கவும் வைத்தார். படத்தின் நாயகன் செர்கேய் யூர்ஸ்கி நடித்த ஒஸ்தாப் பெந்தர். ஆயினும் படம் முடிந்த பிறகு மனதோடு கூட வருகிறவன் இந்தக் கிழவன்தான். கதையில் இரண்டாம் இடம் என்பது மனித மதிப்பில் இரண்டாம் இடமல்ல என்பதை எந்தப் பிரசங்கமுமின்றி அவர் காட்டிவிட்டார். 1970களின் இறுதியில் வந்த 'கப்டன் விருங்கெல்' கேலிச்சித்திரத் தொடரில் கப்டனுக்கும் அவரே குரல். 1990களில் தொலைக்காட்சியில் தேநீர் மேசையில் விருந்தினரோடு உரையாடும் நிகழ்ச்சியை நடத்தினார். 1990இல் சோவியத் ஒன்றியத்தின் மக்கள் கலைஞர் பட்டமும் கிடைத்தது. ஆக, கெர்ட்டுக்குத் தன் பெயர் பிடிக்கும், கைதட்டலும் பிடிக்கும். அப்படிப்பட்டவர் லியருக்குத் தன் குரலைக் கொடுத்துவிட்டு முகத்தை இன்னொருவருக்கு விட்டார். அதனால்தான் அந்தக் காரியம் யோசிக்கத் தக்கதாகிறது. ஆசையே இல்லாதவர் விட்டுக்கொடுப்பதில் என்ன இருக்கிறது?

இனி லியரிடம் வருவோம்.

ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் குளொஸ்டர் பிரபுவின் கண்கள் பிடுங்கப்படுகின்றன. குருடராக அலையும் அவர், பைத்தியம் பிடித்து அலையும் மன்னனை வெளியிலே சந்திக்கிறார். முகத்தைப் பார்க்க அவருக்குக் கண் இல்லை. குரலைக் கொண்டே இது மன்னர் என்று அடையாளம் கண்டுகொள்கிறார். கொஸின்ட்ஸெவின் படத்தில் குருடருக்குக் கேட்கும் அந்தக் குரல் கெர்ட்டுடையது. கண்ணில்லாதவருக்கு இந்தப் படத்தின் லியர் கெர்ட். காது கேளாதவருக்கு யார்வெட். இரண்டும் உள்ள நமக்கு மட்டும் ஒரே ஆள்.

இதை ஏமாற்று என்று சொல்ல முடியுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. குரல் கொடுப்பவரின் வேலை எப்படிப்பட்டது என்று பாருங்கள். இன்னொருவரின் உதடு எப்போது திறக்கிறது, எங்கே மூச்சு முட்டுகிறது, எந்தச் சொல்லில் கண் கலங்குகிறது என்பதைத் திரையில் திரும்பத் திரும்பப் பார்த்துத் தன் மூச்சை அதற்குள் அளந்து போடவேண்டும். தன் திறமையைக் காட்ட ஓர் அங்குலம் வெளியே வந்தாலும் அந்த முகம் செத்துவிடும். தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளைத் தனதென்று காட்டாமல், குறையாமல் காத்துக் கொடுப்பதை நாம் அமானிதம் என்கிறோம். யார்வெட்டின் முகம் கெர்ட்டிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை அவர் பேணினார். பஸ்தர்நாக்கின் கதையும் இதற்குத் தூரமானதல்ல. தன் சொந்தக் கவிதைகளை வெளியிட வழியற்றிருந்த ஆண்டுகளில் அவர் மொழிபெயர்த்துத்தான் பிழைத்தார். லியர் மொழிபெயர்ப்பு 1949இல் நூலாக வந்தது. தன் குரலுக்கு இடமில்லாத காலத்தில் ஷேக்ஸ்பியருக்குக் குரல் கொடுத்தவர் அவர். அவருடைய சொற்களை யார்வெட்டின் முகத்துக்காகக் கெர்ட் பேசினார்.

ஆனால் இந்த இடத்தில் நின்றுவிட்டால் பாதிக் கணக்கை மட்டுமே பார்த்தவர்களாவோம். மறுபாதி யார்வெட்டின் பக்கம் இருக்கிறது. ஒரு குரல் உள்ளே வரும்போது இன்னொரு குரல் வெளியே போகிறது. அடுத்த ஆண்டு, 1972இல், தர்க்கோவ்ஸ்கியின் 'சொலாரிஸ்' படத்தில் யார்வெட் விஞ்ஞானி ஸ்நௌட்டாக நடித்தார். அங்கும் அவருக்குக் குரல் வேறொருவர். அப்படத்தின் நாயகனாக நடித்த லித்துவேனியர் டொனாதாஸ் பனியோனிஸ் பேசுவதும் விளாதிமிர் ஸமான்ஸ்கி என்ற ரஷ்ய நடிகரின் குரலில். அக்காலச் சோவியத் சினிமா பால்டிக் நாடுகளின் நடிகர்களை விரும்பித் தேடியது; அவர்களின் முகங்கள் அதற்குத் தேவைப்பட்டன. உச்சரிப்புத்தான் தேவைப்படவில்லை. பிரித்தானிய மன்னன் ரஷ்ய மொழி பேசுவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அவன் எஸ்தோனிய உச்சரிப்போடு ரஷ்யம் பேசுவதில்தான் ஆட்சேபம். பெரிய மொழிக்கு அருகே வாழும் சிறிய மொழிக்காரர்களுக்கு இந்த நியாயம் புதிதல்ல. உலகம் யார்வெட்டை அறிந்துகொண்ட இந்த இரு படங்களிலும் அவருடைய சொந்தக் குரல் இல்லை என்பதை நினைக்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. கெர்ட்டின் நேர்மை அந்தச் சங்கடத்தைப் போக்கவில்லை. தனிமனிதர் தன் பங்கைச் செம்மையாகச் செய்வது ஒன்று. அந்தப் பங்கைப் பிரித்துக் கொடுத்த ஏற்பாடு நீதியானதா என்பது வேறொன்று.

பெயரற்ற சேவை பற்றி லியர் நாடகத்திலேயே ஒரு பாத்திரம் இருக்கிறது: கென்ட் பிரபு. உண்மை பேசியதற்காக மன்னன் அவரை நாடுகடத்துகிறான். அவரோ வேடத்தையும் பேச்சையும் மாற்றிக்கொண்டு, அதே மன்னனுக்குக் கூலியாளாக வந்து சேர்கிறார். மழையிலும் புயலிலும் கூடவே நிற்கிறார். கடைசியில் தான் யாரென்று சொல்லும்போது, அதை விளங்கிக்கொள்ளும் நிலையில் மன்னன் இல்லை. கென்ட் முறையிடுவதில்லை. இடக்கைக்குத் தெரியாமல் கொடுக்கும் வலக்கை அவர்.

இன்னொரு பாத்திரமும் இருக்கிறது; அதைக் கெர்ட்டே மேடையில் ஏற்றார். 1982இல் பொம்மலாட்ட அரங்கை விட்டு வெளியேறிய அவர், மொஸ்கோவின் யெர்மோலோவா அரங்கில் சேர்ந்தார். ரொனால்ட் ஹார்வுட் என்ற பிரித்தானிய நாடகாசிரியர் 1980இல் எழுதிய 'ஒப்பனை உதவியாளர்' நாடகத்தில், அந்த உதவியாளர் நோர்மனாக அங்கே நடித்தார். எதிரே பெரிய நடிகராக வந்தவர் விசெவோலொத் யாக்குத். கதை இரண்டாம் உலக யுத்த காலத்தில், குண்டு விழும் ஓர் இரவில், இங்கிலாந்தின் ஒரு சிற்றூர் அரங்கில் நடக்கிறது. மனமுடைந்து தளர்ந்துபோன ஒரு வயோதிப நடிகர் அன்றிரவு மேடையேற வேண்டும். ஏற்க வேண்டிய வேடம், பாருங்கள், லியர் மன்னன்! அவரைத் தேற்றி, உடையுடுத்தி, மறந்த வசனத்தை நினைவூட்டி, தள்ளாத குறையாக மேடைக்கு அனுப்புகிறவன் நோர்மன். அன்றிரவு நடிகர் சிறப்பாக நடிக்கிறார். நாடகம் முடிந்தபின் தன் அறையில் இறந்தும் போகிறார். அவர் எழுதத் தொடங்கிய சுயசரிதையின் சமர்ப்பணத்தை நோர்மன் வாசிக்கிறான். தச்சர், மின்தொழிலாளி என்று அரங்கின் கண்ணுக்குத் தெரியாத ஊழியர்களுக்கெல்லாம் அதில் நன்றி இருக்கிறது. ஒப்பனை உதவியாளனுக்கு மட்டும் இல்லை.

நோர்மன் கென்ட் அல்லன். அவனுக்குக் கோபம் வருகிறது. அழுகிறான், ஏசுகிறான். அவனை அற்பன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இத்தனை ஆண்டுகள் நன்றி எதிர்பார்த்தா அவன் வேலை செய்தான்? இல்லை. ஆனால் நன்றிப் பட்டியல் ஒன்று எழுதப்பட்டு அதில் தன் பெயர் மட்டும் விடுபடும்போது அவன் இழப்பது வெறும் புகழை அல்ல. தான் அங்கே இருந்தேன் என்பதற்கான சாட்சியத்தை இழக்கிறான். லியருக்குக் குரலை மட்டும் கொடுத்த மனிதர், ஒன்றரைத் தசாப்தத்துக்குப் பின் அல்லது அதற்குச் சற்று முன்பின்னாக, லியரை ஆயத்தம் செய்து அனுப்பிவிட்டு மறக்கப்பட்ட மனிதனாக மேடையில் நின்றார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இந்த இருவரையும் அருகருகே வைத்துத்தான் என் கேள்விக்கு ஒரு பதிலை நான் எட்டினேன். ஆரம்பத்தில் சொன்ன இரண்டு வார்த்தைகளும் முரண்படுவதாக நமக்குத் தோன்றுவது, இரண்டும் ஒரே ஆளுக்குச் சொல்லப்பட்டதாக நாம் எடுத்துக்கொள்வதால். அவை இரு வேறு ஆட்களுக்குரியவை. இடக்கைக்குத் தெரியாமல் கொடு என்பது கொடுப்பவருக்கான ஒழுக்கம். வியர்வை உலருமுன் கூலி கொடு என்பது பெறுபவருக்கான ஒழுக்கம். கென்ட் தன் பெயரை மறைக்கலாம். அது அவர் உரிமை. ஆனால் அவர் மறைத்தார் என்பதைச் சாட்டாக வைத்து மன்னன் அவரை மறக்க முடியாது. பெறுகிறவர் எடுத்துக்கொண்டு, 'அவர் பேர் புகழ் விரும்பாதவர்' என்று சொல்லும் இடத்தில்தான் அநியாயம் நுழைகிறது. மற்றவரின் அடக்கத்தை நமது சேமிப்பாக்கிக் கொள்ள நமக்கு என்ன உரிமை இருக்கிறது? வீட்டுக்குள் உழைக்கும் பெண்கள் முதல் விழா மேடைக்குப் பின்னால் கதிரை அடுக்குகிறவர்கள் வரை, நாம் 'தியாகம்' என்று பெயர் சூட்டிக் கூலியை நிறுத்திவைத்தவர்களின் பட்டியல் நீளமானது.

தமிழ் வாசகர்களாகிய நமக்கும் இந்த ரஷ்யக் கணக்கில் ஒரு பாக்கி உண்டு. சோவியத் பதிப்பகங்கள் அச்சிட்டனுப்பிய மலிவு விலைப் புத்தகங்கள் வழியாகவே நம்மில் பலர் ரஷ்ய இலக்கியத்தை அறிந்தோம். தல்ஸ்தோயின் 'புத்துயிர்ப்பு' நம்மை எப்படி உலுக்கியது என்று மணிக்கணக்காகப் பேசுவோம். நமக்கு அன்று தமிழில் பேசிய தல்ஸ்தோய், உண்மையில் ரா. கிருஷ்ணையா. இரு கால்களையும் இழந்த விமானியின் கதையான 'உண்மை மனிதனின் கதை'யை நமக்குச் சொன்ன குரல், பூ. சோமசுந்தரத்தினுடையது. இவர்களும் முகம் காட்டாமல் குரல் கொடுத்தவர்கள். தல்ஸ்தோயின் பெயரைச் சொல்லும்போது கூடவே அந்தப் பெயரையும் சொல்லும் வழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

1996 செப்டெம்பரில் கெர்ட்டின் எண்பதாவது பிறந்த நாளுக்கு மொஸ்கோவில் ஒரு விழா எடுத்தார்கள். கடும் நோயில் இருந்தார். ஆனாலும் மேடையில் நின்று, தன் நண்பர் டேவிட் சமோய்லோவின் கவிதையொன்றை மனனமாகச் சொன்னார். முகமும் குரலும் அன்று ஒருவருடையவையே. வரிகள் மட்டும் இன்னொருவருடையவை. சமோய்லோவ் இறந்து அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வாண்டு நவம்பர் 18இல் கெர்ட்டும் காலமானார்.

பிறருக்குக் குரல் கொடுப்பவர் தன் பெயரை மறந்துவிட்டுக் கொடுக்கட்டும். அது அவருக்கு அழகு. அந்தப் பெயரைத் தேடி அறிந்து சொல்வது, கேட்டுப் பயன் பெற்ற நமது கடன்.